பட்டாளத்தாரைப் பற்றி என்ன எழுதுவது?

வணக்கம்.

எங்கள் ஊர் கல்லல் பக்கம். அப்பா போன வருடம் 78 வயதில் காலமானார். ராணுவத்தில் 24 வருடம் இருந்து நாயிப் சுபேதாராக ஓய்வு பெற்றவர். ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பட்டாளத்தார் என்றால் அப்பா, பட்டாளத்தார் வீடு என்றால் எங்கள் வீடு. முதல் திதி வரப்போகிறது. அன்றைக்கு ஒரு நினைவு மலர் வெளியிட வேண்டும் என்று சித்தப்பா முடிவு செய்துவிட்டார். "வீட்ல நீதாண்டா நாலு எழுத்து ஒழுங்கா எழுதுவே" என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது. கூடவே, ரோட்டோரத்து வயலில் யூனிஃபாரத்தோடு மார்பளவு சிலை ஒன்று வைக்கவும் பேச்சு நடக்கிறது.

"வீரமும் பாசமும் ஒருங்கே அமையப் பெற்றவர்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. அண்ணன் முகம் வந்து முன்னால் நிற்கிறது.

அப்பா 1966-ல் பட்டாளத்துக்குப் போனார். வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் பயிற்சி. 1971 போரில் மேற்கு எல்லையில் இருந்தார். அந்தக் கதையை மட்டும் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வார். டிசம்பர் குளிரில் விரல் விறைத்துப்போனது, கண்ணிவெடி புதைத்த வயலில் முன்னால் போகிறவன் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து நடந்தது எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அதற்குக் கொடுத்த பஸ்சிமி ஸ்டாரும் சங்ராம் மெடலும் பெட்டியில் இருக்கின்றன. 1972-ல் அம்மாவைக் கட்டினார். அக்கா 1974, அண்ணன் 1977, நான் 1980.

எனக்கு விவரம் தெரிந்தபோது அப்பா என்றால் இன்லண்ட் லெட்டர்தான். 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரியிலிருந்து வரும். அம்மாவுக்கு எழுதியது போக, மடிக்கிற ஓரத்தில் எங்கள் மூன்று பேருக்கும் தனித்தனியாக இரண்டு வரி இருக்கும். எனக்கான வரி எப்போதும் கேள்விதான். கண்மாயில் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் நிற்கிறது? செவலைக் கன்றுக்குக் கொம்பு முளைத்துவிட்டதா? நான் எழுதும் பதிலைப் படித்துவிட்டு அடுத்த கடிதத்தில் அதிலிருந்தே இன்னொரு கேள்வி கேட்பார். லீவில் வந்தால் திண்ணையில் டிரான்சிஸ்டர் பாடும். இலங்கை வானொலி என்றால் உயிர். பாட்டோடு சேர்ந்து சத்தமாகப் பாடுவார். அப்பத்தாகூடச் சிரிக்கும்.

1987-ல் அவருடைய பட்டாலியன் இலங்கைக்குப் போனது. 1990-ல் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தவர் எனக்குத் தெரிந்த ஆள் இல்லை.

வந்த கையோடு, இந்த வீட்டில் இனி இலங்கை வானொலி வைக்கக் கூடாது என்றார். தீபாவளிக்கு வெடி கிடையாது. ராத்திரி கத்திக்கொண்டு எழுந்திருப்பார். வீட்டுக்குள் படுக்க மாட்டார். களத்தில் கட்டிலைப் போட்டு, சுவர் பக்கம் முதுகைக் கொடுத்துத்தான் படுப்பார். இதெல்லாம் போகட்டும். அண்ணனை அடித்தார். பெல்ட்டால் அடித்தார். பித்தளை பக்கிள் பட்ட தழும்பு அண்ணன் முதுகில் இன்னும் இருக்கிறது. மாடு கொல்லையில் இறங்கிவிட்டது என்று ஓர் அடி விழும் என்றால், விளையாடிவிட்டு இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்த நாளில் கணக்கே கிடையாது. என் மேல் கை வைத்ததில்லை. அண்ணனை ராணுவ ஆள்சேர்ப்புக்குக் கூட்டிப் போனார். அவன் வேண்டுமென்றே ஓட்டத்தில் பின்தங்கினான். அப்பாவுக்கு அது தெரிந்துவிட்டது. அடுத்த மாதமே அண்ணன் திருப்பூருக்கு பஸ் ஏறினான். இப்போது அங்கே சின்னதாகப் பனியன் பட்டறை வைத்திருக்கிறான்.

அக்காவைக் கேட்டால் வேறு கதை சொல்வாள். பொம்பளைப் பிள்ளையை எதற்குக் காரைக்குடிக்கு அனுப்புகிறாய் என்று ஊரே பேசியபோது, கல்லூரியில் சேர்த்து, மூன்று வருடமும் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் சைக்கிளோடு நின்றவர் அவளுடைய அப்பா. அவள் இன்றைக்கு டீச்சர்.

ஊருக்கு அவர் இன்னொருவர். தூர்ந்து கிடந்த வரத்துக்காலை ஆள் சேர்த்து வெட்டி எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவந்தவர். இரண்டு அத்தைகளைக் கட்டிக்கொடுத்து, சித்தப்பாவுக்கு மோட்டார் வைத்துக்கொடுத்து, ஐயா விட்டுப்போன கடனை அடைத்தவர். விடியற்காலையில் கண்மாய்க்கரையில் ஊர்ப் பையன்களை 1,600 மீட்டர் ஓடவிட்டு, கையில் வாட்சோடு நிற்பார். அவர்களில் பலர் இன்று பட்டாளத்திலும் போலீசிலும் இருக்கிறார்கள். என் பிள்ளைகளுக்கோ, சிறாவயல் மஞ்சுவிரட்டுக்குத் தோளில் தூக்கிப்போன ஐயா. அந்தத் தோளில் அண்ணன் பிள்ளைகள் உட்கார்ந்ததே இல்லை.

அப்பா செத்த அன்று மூத்தவன் என்பதால் அண்ணன் வந்து கொள்ளி வைத்தான். முன்னாள் படைவீரர்கள் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். அண்ணன் எதையும் பார்க்கவில்லை. அன்று ராத்திரியே திரும்பிவிட்டான். கருமாதிக்கு வரவில்லை.

அந்தக் கருமாதிக்கு அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகச் சோதனைக்குப் போகும்போது, தமிழ் தெரிந்தவர் என்று அப்பாவைத்தான் முன்னால் நிறுத்துவார்களாம். கதவைத் தட்டுவது, வெளியே வரச் சொல்வது, ஆபீசர் கேட்பதைக் கேட்பது, அழுகையை இந்தியில் மாற்றிச் சொல்வது எல்லாம் அவர் வேலை. ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர், "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டிருக்கிறார். தேவகோட்டைப் பக்கம் என்று அப்பா சொன்னதும், "செட்டியார்மார் ஊர்ப் பக்கமோ?" என்று கேட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். அடுத்த முறை அந்தத் தெருவுக்குப் போனபோது அந்த வீடு இல்லை. "அதுக்கப்புறம் உங்கப்பா எங்ககிட்டயே பேசுறதக் கொறச்சுக்கிட்டாரு தம்பி" என்றார். இன்னும் சிலதும் சொன்னார். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

2009 மே மாதம் டிவியில் இலங்கைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது அப்பா எழுந்து போய் மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொண்டது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சாப்பாட்டை அங்கேதான் கொண்டுபோய்க் கொடுத்தோம். வயிற்றுவலி என்று நினைத்தோம்.

எனக்கு அழுகை வரவில்லை. சாவன்றும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. நான் மதுரையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, அப்பாவின் கேண்டீன் ரம் மிச்சம் இருந்ததே, அதை இரண்டு பெக் ஊற்றிக்கொண்டு மலர் எழுத உட்காருகிறேன். அது தீர்ந்து இப்போது வெளியில் வாங்குகிறேன். ஒன்றும் எழுதவில்லை.

உண்மையை எழுதினால் அம்மா மனசு நொந்துவிடும். எழுதாவிட்டால் அண்ணன் பட்டதெல்லாம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். இலங்கை விஷயத்தை எழுதலாமா? அதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் அப்பாவை மன்னித்துவிட வேண்டுமா? அப்படி மன்னித்தால் அண்ணனுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது.

பெயர் வேண்டாம்,
சிவகங்கை மாவட்டம்.


ஆலோசகர் பதில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அப்பாவை அண்ணன் சார்பில் மன்னிக்கிற உரிமை உங்களுக்குக் கிடையாது. அடி வாங்கியது நீங்கள் இல்லை. உங்கள் சார்பில் மன்னிக்க ஏதாவது இருந்தால் அதைச் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். உங்களுக்கும் ஒன்று இருக்கிறது என்றே நினைக்கிறேன். கண்மாய்த் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், உங்களுடைய பத்து வயதில் அந்தக் கேள்வியை நிறுத்திவிட்டார். ஆள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார், கடிதம் எழுதியவர் வந்து சேரவில்லை. அவருக்காக நீங்கள் 1990-லேயே துக்கப்பட ஆரம்பித்திருக்கலாம். யாரும் அதைத் துக்கம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பாதான் களத்தில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறாரே! சாவன்று அழுகை வராததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதிய, துக்கத்தின் ஐந்து படிநிலைகள் என்று பலரும் சொல்கிறவற்றை வைத்துக்கொண்டு, நமக்கு எந்தப் படி வரவில்லை என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர். அவை சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பார்த்துச் சொன்னவை. பறிகொடுத்தவர்கள் வரிசையாக ஏறியே தீரவேண்டிய படிகள் இல்லை. அழாதது குற்றமும் இல்லை, நோயும் இல்லை.

இனி அப்பாவைப் பற்றி. இறந்துபோன ஒருவருக்கு, அவரைப் பார்த்தே இராத நான், கடிதத்தை வைத்து நோய்ப் பெயர் சூட்ட மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியவற்றைப் படிக்கும்போது நெஞ்சில் தட்டுகிற சில விஷயங்களைச் சொல்லலாம்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அமைதிப்படை என்று யாழ்ப்பாணத்தில் இறங்கியவர்களை மக்கள் முதலில் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் அதே தெருக்களில் விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டது. பொதுமக்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. இந்திய வீரர்களும் ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். கடைசி அணி 1990 மார்ச் 24 அன்று திரிகோணமலையிலிருந்து கிளம்பியது. திரும்பி வந்த படையைச் சென்னையில் வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைச் சுட்டுவிட்டு வருகிறார்கள் என்ற கோபம் தமிழ்நாட்டில் இருந்தது, அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. பஞ்சாபிலிருந்தோ கர்வாலிலிருந்தோ போன ஒரு சிப்பாய் இந்தக் கோபத்தைச் செய்தித்தாளில் படித்திருப்பான். உங்கள் அப்பா அதை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தன் சொந்த ஊரில், தன் மொழியில் கேட்டிருக்கிறார்.

1971 கதையை அவர் ஊருக்கெல்லாம் சொன்னதும், 1987-ஐப் பற்றி ஒரு வார்த்தை பேசாததும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. முதல் கதையைக் கேட்க ஊரே காத்திருந்தது. டிசம்பர் 16 வந்தால் இன்றும் நாடு அதைக் கொண்டாடுகிறது. இரண்டாவது கதையைச் சொல்ல எந்தத் திண்ணையில் இடம் இருந்தது? அவருக்கு இலங்கைக்கான விதேஷ் சேவா மெடலும் கிடைத்திருக்கும். உங்கள் கடிதத்தில் 1971-இன் பதக்கங்கள் மட்டும்தான் வருகின்றன. பெட்டியை இன்னொரு முறை பாருங்கள். இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இரண்டும் ஒரு செய்திதான்.

போரிலிருந்து வந்தவர்களின் கெட்ட கனவு, சத்தத்துக்குப் பதறுவது, முதுகைச் சுவருக்குக் கொடுக்காமல் தூங்க முடியாதது இவற்றுக்கெல்லாம் சேர்த்து அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஒரு தனி நோய்ப் பெயர் வைத்ததே 1980-ல்தான், வியட்நாமிலிருந்து வந்தவர்களைப் பார்த்த பிறகு. அந்த வீரர்களிடம் பல வருடம் வேலை செய்த ஜொனதன் ஷே என்ற மருத்துவர் இன்னொன்றையும் கவனித்தார். உயிர்ப்பயத்தால் வருகிற காயம் ஒன்று. மேலே இருப்பவர்கள் நியாயத்துக்குத் துரோகம் செய்ததால் வருகிற காயம் வேறொன்று. தன் மனசாட்சி ஒப்பாத காரியத்தில் கை வைத்ததாலோ, நடப்பதைத் தடுக்க முடியாமல் பக்கத்தில் நின்றதாலோகூட அந்தக் காயம் வரும் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சேர்த்துச் சொன்னார்கள். முதல் காயம் உள்ளவன் பயந்து நடுங்கலாம். இரண்டாவது உள்ளவன் வாயை மூடிக்கொள்ளலாம், தான் நல்லவன் என்று யாராவது சொன்னால் எரிந்து விழலாம். 1990-ல் கல்லல் பக்கத்துக் கிராமத்தில் இதையெல்லாம் யார் அவரிடம் கேட்டிருக்கப் போகிறார்கள்? டாக்டரிடம் போனாலும் ஒரு தூக்க மாத்திரையோடு திரும்பியிருப்பார்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது. இருட்டிய பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்த நாட்களில்தான் அடி கணக்கில்லாமல் விழுந்தது என்கிறீர்கள். அண்ணனுக்கு அப்போது பதின்மூன்று, பதினான்கு வயது. யாழ்ப்பாணத்தில் இருட்டிய பிறகு தெருவில் நிற்கிற அந்த வயதுப் பையனைப் பார்த்தால் படைக்காரனுக்கு என்ன தோன்றும், அந்தப் பையனுக்கு என்ன நடக்கும் என்பதை உங்கள் அப்பா இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருப்பார். ஊர்க் கண்மாய்க்கரையில் விளையாடிவிட்டு வருகிற மகனை அவர் கண் எப்படிப் பார்த்ததோ! கல்லூரி விட்டு வரும் மகளுக்காக மூன்று வருடம் பஸ் ஸ்டாப்பில் சைக்கிளோடு நின்றதும் இதே பயமாக இருக்கலாம். ஒரே பயம் மகளுக்குக் காவலாகவும் மகனுக்குப் பெல்ட்டாகவும் வந்திருக்கிறது. இது என் ஊகம். ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊகம் சரியாகவே இருந்தாலும் அண்ணன் முதுகில் இருப்பது தழும்புதான். காரணம் தெரிந்துவிட்டது என்பதால் அடி வலிக்காமல் போய்விடாது. குடும்பங்களில் நான் அடிக்கடி பார்க்கும் ஓர் அநியாயம் இது: அடித்தவரின் கஷ்டம் தெரியவந்ததும், அடிபட்டவர் மேல் எல்லோரும் திரும்புவார்கள். "பாவம்டா, அவர் எவ்வளவு பட்டிருக்கார், இன்னும் மனசுல வச்சிருக்கியே" என்பார்கள். இந்த வாக்கியத்தை அண்ணனிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். சித்தப்பாவும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலருக்கு ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் திருப்பூருக்குப் போங்கள். போனில் வேண்டாம். மலரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றும் வேண்டாம். "அப்பா உன்னை அடிச்சதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு, நான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அப்போது நீங்கள் சின்னப் பையன், தடுத்திருக்க முடியாது. அதற்காக மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. பார்த்த ஒரு சாட்சி இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தால் போதும். அவர் பேசினால் கேளுங்கள். பேசாமல் பட்டறைக்குக் கிளம்பிவிட்டால் நீங்களும் கூடப் போய் உட்காருங்கள். புதுக்கோட்டைக்காரர் சொன்னதை அவர் கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பையிலேயே இருக்கட்டும். அண்ணன் கொள்ளி வைத்துவிட்டுத்தானே போனார்? தன் கடமை எது, தன்னால் முடியாதது எது என்று அவருக்குத் தெளிவாகவே தெரிந்திருக்கிறது. கருமாதிக்கு வராததை நான் குறையாக நினைக்கவில்லை.

இலங்கை விஷயத்தை மலரில் எழுதலாமா என்கிறீர்கள். அங்கே பணியாற்றினார் என்பதை எழுதுங்கள். எந்த வருடம், எந்த ஊர், என்ன பொறுப்பு என்பதெல்லாம் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஓரளவு இருக்கும். தேதிகளில் சந்தேகம் இருந்தால் சிவகங்கையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். 2009-இல் மோட்டார் கொட்டகையில் படுத்ததையும் எழுதலாம். அது நீங்கள் கண்ணால் பார்த்தது. ஆனால் அந்த நண்பர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன மற்றவை, அப்பா தானாகச் சொல்லாதவை, அச்சில் வரக்கூடாது என்பது என் கருத்து. அதைச் சுமக்க உங்களுக்குக் கனமாக இருந்தால் அந்த நண்பரிடமே போய்ப் பேசுங்கள். அவரும் எத்தனை வருடமாக அதைச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தாரோ. கருமாதிச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒருவர் அந்த வயதில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரமாட்டார்.

இனி மலர். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் போட்டுக் கடைசியில் ஐந்தொகை எடுக்கப் பார்க்கிறீர்கள். கடன் அடைத்தார், வரத்துக்கால் வெட்டினார், பெல்ட்டால் அடித்தார், நிகரம் எவ்வளவு? இந்தக் கணக்கு நேராகாது. நேராக வேண்டிய அவசியமும் இல்லை. "வீரமும் பாசமும் ஒருங்கே அமையப் பெற்றவர்" என்ற வரியில் கை நின்றுபோனது நல்லதுதான். அந்த வரியில் யாருடைய அப்பாவின் பெயரையும் போடலாம்.

எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள். அக்கா பஸ் ஸ்டாப்பை எழுதட்டும். கண்மாய்க்கரையில் ஓடிய பையன்களில் ஒருவன் அந்த வாட்சைப் பற்றி எழுதட்டும். சித்தப்பா மோட்டாரைப் பற்றி எழுதட்டும். பேரப்பிள்ளைகள் சிறாவயலைப் பற்றி எழுதட்டும். நீங்கள் அந்த இன்லண்ட் லெட்டர்களை எழுதுங்கள், இலங்கை வானொலி நின்றுபோன வருடத்தையும் எழுதுங்கள். அண்ணனுக்கு ஒரு பக்கம் என்று சொல்லுங்கள். எழுதுவது அவர் இஷ்டம். அவர் எழுதினால் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. எழுதவில்லை என்றால், "என் அண்ணனுக்குக் கிடைத்த அப்பா கடுமையானவர். அதைச் சொல்ல வேண்டியது அவர்" என்று உங்கள் பகுதியில் ஒரு வரி போதும், அதுவும் அவரிடம் கேட்டுக்கொண்டு. ஊர் அதைப் படித்து ஒன்றும் அதிர்ந்து விழாது. ஊருக்கு எல்லாம் தெரியும். அண்ணன் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்?

சிலை எனக்குப் பிடிக்கவில்லை. தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படி சொல்கிறது. அவ்வளவும் சண்டையில் விழுந்தவனுக்கு. ஒரே செயலில் முடிந்துபோன உயிர் அது, கல்லில் அடக்கிவிடலாம். உயிரோடு திரும்பி வந்து, அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்தி, தண்ணீர்ப் பஞ்சாயத்து பேசி, பிள்ளையை அடித்து, பேரனைத் தூக்கிய ஒருவரை யூனிஃபார்மில் நிறுத்தினால் அந்த முப்பத்தைந்து வருடமும் மறைந்துவிடும். அந்த யூனிஃபார்மை அவரே விரும்பினாரா என்பதும் தெரியவில்லை. ரோட்டில் போகும்போதெல்லாம் அண்ணன் அதைக் கடந்துதானே அம்மாவைப் பார்க்க வர வேண்டும். அந்தப் பணத்தை வரத்துக்காலுக்குச் செலவழிக்கச் சொல்லுங்கள். வெட்டி இத்தனை வருடம் ஆகிவிட்டது, கருவேலம் மண்டியிருக்கும்.

அடுத்தது ரம். ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள், என்னால் நகர முடியவில்லை. அப்பாவின் பாட்டில் தீர்ந்த பிறகும் வெளியில் வாங்கிக் குடிக்கிறீர்கள். தினமும், தனியாக, எல்லோரும் படுத்த பிறகு. இது மலர் எழுதுகிற நேரம் இல்லை. அப்பாவோடு உட்காருகிற நேரம் என்று நினைக்கிறேன். அந்த ஆசை புரிகிறது, ஆனால் குடியோடு அதைச் சேர்த்துவிட்டால் பிறகு பிரிப்பது கஷ்டம். எழுதுவதைப் பகலுக்கு மாற்றுங்கள். இரண்டு வாரம் குடிக்காமல் இருந்து பாருங்கள். தினசரி அளவு நீங்கள் எழுதியதைவிட அதிகம் என்றால், திடீரென்று நிறுத்துவதற்கு முன் ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கை நடுக்கம், வியர்வை, தூக்கம் போவது என்று ஏதாவது வந்தாலும் அப்படித்தான். நீடித்த துயரத்தை ஒரு பாதிப்பாக உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 11 என்ற நோய்ப் பட்டியல் சேர்த்திருக்கிறது. ஆறு மாதம் தாண்டியும் இறந்தவரின் நினைப்பும் ஏக்கமும் அன்றாட வேலையையே முடக்கிப்போட்டால் அதைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்த அளவுக்கு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் யாரிடமாவது வாய்விட்டுப் பேச வேண்டும் போல இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தில், 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை.

ஒருவர் பாக்கி இருக்கிறார். இவ்வளவு நீளக் கடிதத்தில் அம்மா எங்கே? கடிதம் வாங்குகிறவராக ஒரு இடத்தில் வருகிறார், மனசு நொந்துவிடும் என்று ஒரு இடத்தில் வருகிறார். 1972-லிருந்து 1990 வரை அந்த வீட்டை, வயலை, மாமியாரை, மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது அவர்தான். பட்டாளத்தார் வீடு என்று ஊர் சொன்னாலும், அத்தனை வருடம் அந்த வீட்டில் பட்டாளத்தார் லீவுக்குத்தான் வந்து போனார். ராத்திரி அவர் கத்திக்கொண்டு எழுந்தபோது பக்கத்தில் போய் எழுப்பியது யார்? கனவில் என்ன கத்தினார் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். பெல்ட் விழுந்தபோது அவர் எங்கே நின்றார், என்ன செய்தார், என்ன செய்ய முடியவில்லை என்பது அவருக்குள் இத்தனை வருடமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அம்மா நொந்துபோவார் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். உங்களைவிட அதிகம் தெரிந்தவர் அவர்.

மலரைப் பற்றிப் பேச்செடுக்காமல் ஒரு நாள் அவரோடு போய் உட்காருங்கள். அந்த இன்லண்ட் லெட்டர்களை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டு ஆரம்பிக்கலாம். நிச்சயம் வைத்திருப்பார். மெதுவாக, இப்படியொரு மலர் போடுவதில் அவருக்கு இஷ்டம்தானா என்றும் கேளுங்கள். அதை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. வேண்டாம் என்று அவர் சொன்னால், திதிக்குப் படையல் போட்டு நாலு பேருக்குச் சாப்பாடு போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சித்தப்பாவுக்குக் கோபம் வரும். அதை அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.